கோழிக்கறி ஏன் தண்ணியாக நிற்கிறது?

கேள்வி: வேலைக்காகத் திருகோணமலைக்கு வந்து, உப்புவெளியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 1 கிலோ புறொயிலர் கோழி வாங்கிச் சமைப்பேன். அம்மா தொலைபேசியில் சொன்னபடிதான் செய்கிறேன். ஆனாலும் குழம்பு தண்ணியாக நிற்கிறது, தேங்காய்ப்பால் திரைகிறது, இறைச்சிக்குள் உப்பு ஏறுவதில்லை. எங்கே பிழை?

பதில்: அம்மா சொன்னதில் பிழை இருக்காது தம்பி. அவர் மனதில் இருந்தது ஊர்க்கோழி, உங்கள் சட்டியில் இருப்பது புறொயிலர்.

ஊர்க்கோழி மாதக்கணக்கில் ஓடித் திரிந்து வளர்ந்தது. சதை இறுகியிருக்கும், அவிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதனால் தண்ணீர் தாராளமாக விட வேண்டும். புறொயிலர் ஆறு கிழமை அளவில் கடைக்கு வந்துவிடுகிறது. சதை மெது, தண்ணீர்ப்பிடிப்பு அதிகம். அரை மணித்தியாலத்தில் அவிந்துவிடும், அவியும்போது தன் தண்ணீரைத் தானே விடும். அதற்கு மேலே நீங்களும் இரண்டு கோப்பை ஊற்றினால் குழம்பு எப்படித் தடிக்கும்?

முதலில் உப்பு. துண்டுகளைப் பெரிதாக வெட்டாதீர்கள், காற்துண்டுகளில் கத்தியால் இரண்டு கீறல் போடுங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மஞ்சள், எடுத்து வைத்திருக்கும் கறித்தூளில் பாதி போட்டுப் பிரட்டி, அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் வெக்கையான மாதங்களில் வெளியே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிற வேலை வேண்டாம். உண்மையில் இறைச்சிக்குள் இறங்குவது உப்புத்தான். உறைப்பும் வாசமும் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். கோழியைக் கழுவுகிற பழக்கத்தை எங்கள் வீடுகளில் விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படியானால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல் ஒரு பாத்திரத்துக்குள் கழுவுங்கள். தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் பக்கத்துப் பாத்திரங்களில் படும்.

சரி, இனி அடுப்பு. எண்ணெய் காய்ந்ததும் பெருஞ்சீரகம், ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலம். பிறகு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை. வெங்காயம் நன்றாகப் பொன்னிறமாகும்வரை பொறுத்திருங்கள். குழம்பின் தடிப்பில் பாதி அந்த வெங்காயத்தில்தான் இருக்கிறது, பலர் அவசரப்படுவதும் அங்கேதான். அப்புறம் இடித்த உள்ளியும் இஞ்சியும், விரும்பினால் ஒரு தக்காளி. தக்காளி கரைந்ததும் கோழியைப் போட்டு, பெரிய நெருப்பில் ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். மிச்சக் கறித்தூளையும் சேருங்கள். எங்கள் வறுத்த கறித்தூள் என்றால் 1 கிலோவுக்கு மொத்தம் மூன்று மேசைக்கரண்டி போதும். வெறும் மிளகாய்த்தூளை அந்த அளவுக்குப் போட்டுவிடாதீர்கள்!

இப்போது சொட்டுத் தண்ணீரும் விடாமல் மூடி, நெருப்பைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். திறந்தால் துண்டுகள் பாதி அமிழும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதோடு ஒரு கோப்பை இரண்டாம் பால் மட்டும் விட்டு, மூடாமல் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தொடைச் சதை எலும்பிலிருந்து இலகுவாகக் கழன்றால் அவிந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் சதையின் நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும்.

முதற்பால் கடைசியில்தான். தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைப் பிரியாமல் பிடித்திருப்பது அதிலுள்ள புரதம். கடும் சூட்டில் அது உறைந்து பிடியை விடுகிறது, புளி சேர்ந்தால் இன்னும் கெதியாக. அதனால் நெருப்பை நன்றாகக் குறைத்து அரைக் கோப்பை விட்டு, ஓரத்தில் குமிழி வரும்வரை மெல்லக் கிண்டி இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். மேலே எண்ணெய் மிதந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல கறியின் அடையாளம். வெள்ளைத் துணுக்குகளாகப் பிரிந்தால்தான் திரைந்தது.

இவ்வளவும் செய்தும் தண்ணியாக நின்றால், முதற்பால் விடுமுன் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் வற்றவைத்துத் திரும்பப் போடுங்கள். துண்டுகளோடு சேர்த்து வற்றவைத்தால் புறொயிலர் நாராக உதிர்ந்துவிடும். பாணுக்கு என்றால் தடிப்பாக இறக்குங்கள். அன்றைக்குப் புட்டு அவிப்பதாக இருந்தால் குழம்பை அவ்வளவு வற்றவிடாதீர்கள், புட்டு அதைக் குடித்துவிடும்.