பழைய மேக்ரோக்கள் திடீரென்று வேலை செய்யாமல் போனது ஏன்?

கேள்வி: டாம்கேட் சர்வரில் ஓடும் எங்கள் ஜாவா வெப் அப்ளிகேஷனில், டெம்ப்ளேட் ஃபைல்களிலிருந்து பக்கங்களை உருவாக்கும் அப்பாச்சி வெலாசிட்டி 1.7 எஞ்சின் இருக்கிறது. பொதுவான மேக்ரோக்கள் (டெம்ப்ளேட்டுகளில் பெயர் சொல்லி அழைக்கும் துண்டுகள்) விஎம்_குளோபல்_லைப்ரரி.விஎம் ஃபைலில் இருந்தன. எந்த செட்டிங்கும் இல்லாமலே ஓடின. ஃபார்முக்கான மேக்ரோக்களை ஃபார்ம்ஸ்.விஎம் என்று தனியாகப் பிரித்து, வெலாசிமேக்ரோ.லைப்ரரி ப்ராப்பர்ட்டியில் அதன் பெயரைக் கொடுத்தேன். இப்போது புதியவை ஓடுகின்றன. பழையவற்றை அழைத்த இடத்தில் '#பேஜ்ஹெடர்()' என்ற எழுத்தே பிரவுசரில் தெரிகிறது. லாகில் எரர் இல்லை. போதாக்குறைக்கு, லைப்ரரியில் ஒரு வரி மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது.

பதில்: மேக்ரோக்களில் தவறில்லை. அந்த ப்ராப்பர்ட்டியைக் கொடுக்காமல் விட்டால்தான் வெலாசிட்டி விஎம்_குளோபல்_லைப்ரரி.விஎம் ஃபைலைத் தானாகத் தேடும். ஒரு பெயர் கொடுத்துவிட்டால் அதுவே முழுப் பட்டியல். பழைய ஃபைல் அங்கேயே கிடந்தாலும் தொடாது. இரண்டு பெயர்களையும் கமா போட்டு எழுதுங்கள், சரியாகிவிடும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் 4ஆம் பதிப்பு வரை இருந்த வெலாசிட்டிகான்ஃபிகரர் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றுமே மாற்றாமல் இதில் மாட்டுவார்கள். அது தன்னுடைய ஸ்பிரிங்.விஎம் ஃபைலை இதே ப்ராப்பர்ட்டியில் சேர்த்துவிடும்.

எரர் ஏன் வரவில்லை? சிஎஸ்எஸ் நிறக் குறியீடுகூட # என்றுதான் தொடங்குகிறது. அதனால் அடையாளம் தெரியாத எதையும் வெலாசிட்டி சாதாரண எழுத்தாக எடுத்து அப்படியே அச்சிட்டுவிடும். என்னைக் கேட்டால் அதன் மிக மோசமான குணம் இதுதான். ரன்டைம்.ரெஃபரன்சஸ்.ஸ்ட்ரிக்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், இல்லாத மேக்ரோவை அழைத்ததும் எக்ஸெப்ஷன் வரும். ஆனால் கான்டெக்ஸ்டில் (ஜாவா கோட் டெம்ப்ளேட்டுக்குக் கொடுக்கும் மதிப்புகளில்) இல்லாத $ வேரியபிள்களுக்கும் வரும், பழைய டெம்ப்ளேட்டுகள் வரிசையாக விழும். டெவலப்மென்ட் மெஷினில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கமா போட்ட பிறகும் ஓடவில்லையா? பட்டியலில் வேண்டுமென்றே இல்லாத ஒரு ஃபைல் பெயரைச் சேர்த்து அப்ளிகேஷனைத் தொடங்குங்கள். லாகில் அந்தப் பெயரோடு எரர் வரவேண்டும். வரவில்லை என்றால் உங்கள் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் எஞ்சினுக்குப் போய்ச் சேரவே இல்லை. லைப்ரரிகள் எஞ்சின் இனிஷியலைஸ் ஆகும்போதுதான் ஏறும். அதற்கப்புறம் ப்ராப்பர்ட்டி கொடுத்துப் பயனில்லை. இன்னொன்று, ஸ்டாட்டிக் வெலாசிட்டி கிளாஸுக்கு செட்டிங் கொடுத்திருப்பீர்கள், பக்கத்தையோ வேறொரு வெலாசிட்டிஎஞ்சின் ஆப்ஜெக்ட் ரெண்டர் செய்யும். இரண்டும் தனித்தனி, ஒன்றின் மேக்ரோ மற்றதற்குத் தெரியாது.

எரர் உங்கள் நிஜ ஃபைல் பெயருக்கே வந்தால் பாதையைப் பாருங்கள். டெம்ப்ளேட்டுகளைத் தேடி எடுக்கும் ரிசோர்ஸ் லோடருக்குக் கொடுத்த ஃபோல்டரிலிருந்துதான் பாதை கணக்கு. லோடர் /வெப்-இன்ஃப்/டெம்ப்ளேட்ஸ் என்றிருந்தால் வெறும் ஃபார்ம்ஸ்.விஎம் போதும், முழுப் பாதையையும் எழுதினால் டெம்ப்ளேட்ஸுக்குள் இன்னொரு வெப்-இன்ஃப் தேடும். விண்டோஸ் லேப்டாப்பில் ஓடி லினக்ஸ் சர்வரில் விழுந்தால், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும்.

ரீஸ்டார்ட் தொல்லைக்கு வெலாசிமேக்ரோ.லைப்ரரி.ஆட்டோரீலோட் ட்ரூ ஆக வேண்டும், லோடரின் கேஷ் ஃபால்ஸ் ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தே வேண்டும். அப்ளிகேஷன் பேக்கேஜிலிருந்து டாம்கேட் விரித்து வைத்திருக்கும் காப்பியில்தான் திருத்த வேண்டும் என்பதை மறக்காதீர்கள். புரொடக்‌ஷனில் இரண்டையும் திருப்பிவிடுங்கள்.

வெலாசிட்டி 2.1க்கோ அதற்கு அப்புறமான பதிப்புக்கோ மாறினால் ப்ராப்பர்ட்டியின் பெயர் வெலாசிமேக்ரோ.லைப்ரரி.பாத் ஆகும். பழைய பெயரையும் எச்சரிக்கையோடு ஏற்கும். தானாகத் தேடும் ஃபைல் அங்கே வெலாசிமேக்ரோஸ்.விடிஎல், அது இல்லாவிட்டால்தான் விஎம்_குளோபல்_லைப்ரரி.விஎம்.

மேக்ரோவுக்குள் தமிழ் லேபிள் வைத்திருந்தால் 1.7இல் இன்புட்.என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். அங்கே டிஃபால்ட் ஐஎஸ்ஓ-8859-1, தமிழ் எழுத்துகள் உடைந்துதான் வரும்.