ஊரடங்கின்போது பல்கலைக்கழக நூலகங்கள் திறந்திருக்க வேண்டுமா?

வாசிப்பு அறையை மூடத்தான் வேண்டும். நூலகச் சேவையை நிறுத்தக் கூடாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் கேள்விக்குத் தவறான பதில்கள் வருகின்றன.

அடைத்த அறையில் பலர் மணிக்கணக்கில் அமர்ந்தால் காற்றின் வழியே தொற்று பரவும். அந்த ஆபத்தை நாள் முழுவதும் சுமப்பவர்கள் நூலகப் பணியாளர்கள். அவர்களைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் புத்தகம் வெளியே வரலாம். 2020இல் அமெரிக்காவின் ரீல்ம் திட்டம் நூலகப் பொருள்களில் கொரோனா வைரஸைச் சோதித்தது. தனித்தனியே வைத்த நூல் அட்டை, தாள் போன்ற சிலவற்றில் 3 நாளில் வைரஸ் தென்படவில்லை. அடுக்கி வைத்தவை பலவற்றில் 6 நாள் கழிந்தும் தென்பட்டது. ஆகவே, திரும்பி வரும் நூல்களைப் பரப்பி வைத்துவிட்டு, வாசலிலேயே கொடுத்து வாங்கலாம். அதே ஆண்டு மார்ச் இறுதியில் பல நூலகங்கள் சேர்ந்து நடத்தும் மின்நூல் களஞ்சியமான ஹாதிடிரஸ்ட், ஒரு நூலுக்கு உறுப்பு நூலகத்திடம் எத்தனை அச்சுப் பிரதிகள் உண்டோ அத்தனை பேர் ஒரே நேரத்தில் மின்வடிவில் படிக்க வழி செய்தது.

தங்கையோடு ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொண்டு, அவள் தூங்கிய பிறகு ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் மாணவருக்கு இது போதாது. அவருக்காக, முன்பதிவோடு, ஜன்னல் திறந்த ஓர் அறையில் நான்கு கணினிகளாவது இயங்க வேண்டும்.