சீருடைக்குப் பின் கறுப்பு அங்கி

கேள்வி: சட்டப்படிப்பை முடிக்கவிருக்கும் என் மகன், சில காலம் ராணுவத்தில் பணியாற்றிவிட்டுத் தேவகோட்டை நீதிமன்றத்திலேயே வக்கீலாக விரும்புகிறான். இது சாத்தியமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக. ராணுவத்தின் சட்டப்பிரிவு, சட்டப் பட்டதாரிகளைக் குறுகிய காலப் பணி அதிகாரிகளாக எடுக்கிறது. முதலில் 10 ஆண்டுகள், பின்னர் 4 ஆண்டுகள் நீட்டிப்புக்கு இடமுண்டு. சட்டப்படிப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். வயது வரம்பு 27 என்பதால் ஆற அமர யோசிக்க நேரமில்லை. முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்காடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி; ஆகவே, முன்பே பதிவு செய்திருந்தால் சன்னதை (வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமத்தை) நிறுத்திவைத்து, திரும்பியதும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அந்த அனுபவம் ஊரில்தான் கைகொடுக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீளும் பூர்வீக வீட்டுக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளில் ஒருவர் எல்லையில் நிற்கும் சிப்பாய். வாய்தாவுக்கு வர இயலவில்லை. அவருக்காக 1925ஆம் ஆண்டின் படைவீரர் வழக்குச் சட்டத்தைக் காட்டி, விசாரணையைத் தள்ளிவைக்கக் கோரலாம் என்பது (வக்கீல்களே மறந்துவிடும் சங்கதி இது) உங்கள் மகனுக்கு நினைவிருக்கும். ஓய்வூதியத் தகராறென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் பெயர் கொடுத்தால், ஏழைகளுக்கும் வழக்காடலாம். அதற்கான ஊதியம் மட்டும் சொற்பம்தான்.