வீட்டுக் கணினிக்குப் பெரிய மொனிற்றர் வாங்கும்போது ரெசொலூஷனை எப்படிப் பார்ப்பது?

ரெசொலூஷன் என்பது திரையின் குறுக்கே எத்தனை புள்ளி, மேலிருந்து கீழே எத்தனை புள்ளி என்ற கணக்குத்தான். ஃபுல் எச்டி 1920க்கு 1080, 4கே 3840க்கு 2160, அதாவது மொத்தத்தில் நாலு மடங்கு.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அதே புள்ளிகளை எவ்வளவு பெரிய திரையில் பரப்பியிருக்கிறார்கள் என்பதில்தான் எழுத்தின் கூர்மை இருக்கிறது. பனையோலைப் பெட்டியில் ஓலையை அகலமாக வார்ந்து இழைத்தால் பூவேலை கட்டம் கட்டமாகத் தெரியும், மெல்லிசாக வார்ந்தால் வளைவுகூட ஒழுங்காக வரும், அதே கதைதான் இங்கேயும். 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 புள்ளி, 4கே என்றால் 163. தமிழ் வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்: சின்ன எழுத்தில் 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் 82இல் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கிவிடும், கண்ணும் களைக்கும்.

என்னைக் கேட்டால், கை நீளத் தூரத்தில் இருந்து வேலை செய்பவருக்கு 27 அங்குல 4கே. மேசை ஆழமாக இருந்தால் 32. காசு இறுக்கமென்றால் 27இல் 2560க்கு 1440 போதும்.

சரி, யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போகும்போது லப்டொப்பையும் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். கணினியையும் திரையையும் இணைக்கும் எச்டிஎம்ஐ செருகி 1.4 பதிப்பாக உள்ள பழைய கணினி 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும், மவுஸை அசைத்தாலே இழுபடுவது தெரியும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும்.

4கே வாங்கினால் எழுத்து பெரிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல, அதே அளவுத் திரையில் எழுத்து சிறுத்துத்தான் போகும், ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் கணினி அமைப்பை, 150 அல்லது 200 சதவீதத்தில் வைத்தால் வாசிக்கும் அளவுக்கு வந்துவிடும், கூர்மையும் கூடவே கிடைக்கும்.