லட்ச ரூபாய் நந்தனார்: கே.பி. சுந்தராம்பாள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பழைய நாடக நடிகைகளைப் பற்றிப் பேசும்போது கே.பி. சுந்தராம்பாள் பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அந்த நான்கு வரிக்கு வந்த கேள்விகளே இந்த வாரப் பக்கத்தை நிரப்பிவிட்டன. அரசியல், கிரிக்கெட், ஜோசியம் எல்லாம் அடுத்த வாரம்.

1935-லேயே ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்கிறார்களே, நிஜமா? ஊதிப் பெரிதாக்கிய கதை மாதிரித் தெரிகிறதே? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

நிஜம்தான். படம் 'பக்த நந்தனார்', தயாரித்தவர் அசன்தாஸ். அன்றைக்கு ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் கீழே. அதாவது மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கக்கூடிய பணத்தை ஒரே படத்துக்கு வாங்கியிருக்கிறார். இன்றைய விலையில் நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். கணவர், நாடகப் பாடகர் கிட்டப்பா இறந்து, இனி நடிப்பே வேண்டாம் என்று இருந்தவரைத் தயாரிப்பாளர் விடாமல் துரத்தியிருக்கிறார். தொல்லை விட்டால் போதும் என்று 'ஒரு லட்சம் கொடுத்தால் வருகிறேன்' என்றாராம், மனிதர் சரி என்றுவிட்டாராம். எல்லாரும் இதை அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு நாடகத்துக்கும் காண்ட்ராக்டரிடம் தொகை பேசி வளர்ந்த தொழில்காரர் அவர். தன் குரலுக்குக் கூட்டம் எவ்வளவு வரும், வாசலில் எவ்வளவு வசூலாகும் என்பது தெரியாமல் ஒரு தொகையைச் சொல்லியிருப்பாரா என்ன?

வேடம் என்ன தெரியுமா? நந்தனாரே அவர்தான், ஆண் வேடம். நந்தனாரின் எஜமானரான வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். அவரோடு அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர்தான் எல்லிஸ் ஆர். டங்கன், பிற்பாடு எம்.எஸ். சுப்புலட்சுமியை வைத்து 'மீரா' எடுத்தவர். இத்தனை பேர் இருந்தும் படம் எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. லட்ச ரூபாய்ப் பேச்சுதான் நிலைத்தது.

அவர் முறையாகச் சங்கீதம் கற்றவரா? (மயிலாடுதுறை வாசகர்)

குருகுல வாசம், அரங்கேற்றம் என்ற வழியில் வந்தவர் இல்லை. 1908-ல் காவிரிக்கரையில் கொடுமுடியில் பிறந்தார். ஊர்ப்பெயரின் முதல் எழுத்துதான் கே, அம்மா பாலாம்பாள் பெயர்தான் பி. வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்த சிறுமியை நடேசய்யர் என்ற ரயில்வே அதிகாரி, அவரே ஒரு நாடகப் பைத்தியம், கேட்டுவிட்டு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வரலாறு. அங்கே கிடைத்த முதல் வேடம் நல்லதங்காள் பெற்ற பிள்ளைகளில் ஒன்று. வயிறு பசிக்கிறது என்று அழுது பாட வேண்டும். நிஜமாகவே பசி தெரிந்த பிள்ளை பாடினால் எப்படி இருந்திருக்கும்!

பள்ளிக்கூடம் என்றால் அது ஸ்பெஷல் நாடகம்தான். இன்றைய பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரே கம்பெனியில் தங்கி ஒத்திகை பார்த்து நடிப்பது ஒரு முறை. ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்லை. ராஜபார்ட் என்ற கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்ற கதாநாயகி வேறு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ வருவார். எல்லாரும் சாயங்காலம் வந்து இறங்கி, அரிதாரம் பூசி, ராத்திரி மேடையேறிவிடுவார்கள். ஒத்திகையே கிடையாது. எல்லாருக்கும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் மனப்பாடம், அதுதான் பொதுச்சொத்து. மற்றதெல்லாம் அந்த நிமிடத்தில் நடப்பது. வள்ளி திருமணத்தில் வேலன் ஒரு கேள்வி கேட்பார், வள்ளி மடக்கிப் பதில் சொல்ல வேண்டும், வசனத்திலும் சரி, பாட்டிலும் சரி. எதிராளி சுருதியை ஏற்றினால் நாமும் ஏற வேண்டும். திணறினால் முன்வரிசை சிரித்துவிடும், பின்வரிசை எழுந்தே போய்விடும். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும்.

இதில் விடிய விடிய நின்றவருக்கு எந்த வித்வான் பாடம் எடுக்க முடியும்?

கிட்டப்பா - சுந்தராம்பாள் காதல் பற்றி விரிவாக எழுதுங்களேன். (செங்கோட்டை வாசகர்)

உங்கள் ஊர்க்காரர் என்பதால் கேட்கிறீர்கள், புரிகிறது. 1926-ல் கொழும்பில் இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். கிட்டப்பாவின் குரலுக்கு முன்னால் இந்தப் பெண் தாங்குமா என்று பேச்சு இருந்திருக்கிறது. தாங்கினார் என்பது மட்டும் இல்லை, அதற்கப்புறம் அந்த இரண்டு குரலையும் சேர்த்துக் கேட்கத்தான் கூட்டம் வந்தது. 1927-ல் கல்யாணம்.

ஆனால் இதை வெறும் காதல் காவியமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. படித்துப் பாருங்கள். ஏன் வரவில்லை, ஏன் பதில் போடவில்லை என்ற ஏக்கமும் கோபமும் வரிக்கு வரி இருக்கிறது. மேடையில் கேள்விக்குக் கேள்வி மடக்கிய வள்ளி, தபாலில் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 28 ஆகவில்லை. இவருக்கு 25.

எல்லாப் படத்திலும் கிழவி வேஷம்தானே? வேறு வேஷம் யாரும் கொடுக்கவில்லையா? (சேலத்திலிருந்து கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி, உண்மையில் இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கொடுக்கவில்லை என்பதல்ல, அவர் வாங்கவில்லை.

கிட்டப்பா போனதும் வெள்ளைச் சேலை உடுத்தினார், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 25 வயதில்! அதற்கப்புறம் அவர் செய்த வேடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். நந்தனார், ஆண். மணிமேகலை (1940), பௌத்தத் துறவி. ஔவையார் (1953), கல்யாணமே வேண்டாமென்று முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள். 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்' எடுத்தபோது இளம் புனிதவதி லட்சுமி, அழகை உதறிய பிறகு வரும் அம்மையார் இவர். தமிழ்க் கதை மரபில் ஒரு பெண் யாருக்கும் மனைவியாகவோ காதலியாகவோ இல்லாமல் நடுவில் நிற்க எந்தெந்த வேடம் உண்டோ, அதையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டது போல இருக்கிறது.

இதை நாம் பக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பக்தி இருந்தது, மறுக்கவில்லை, சரியான முருக பக்தை. ஆனால் நெற்றி நிறைய திருநீறுக்குப் பின்னால் கறாரான ஒரு தொழில்காரர் இருந்தார். மணிமேகலைக்கும் ஔவையாருக்கும் நடுவில் 13 வருடம், ஔவையாருக்கும் பூம்புகாருக்கும் நடுவில் 11 வருடம். மொத்தமாகச் செய்ததே சுமார் ஒரு டஜன் படம். மார்க்கெட் போய்விடும் என்ற பயம் இருந்தால் இப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

அத்தனை பெரிய முருக பக்தை, கலைஞர் வசனம் எழுதிய படத்தில் எப்படி நடித்தார்? (மதுரை வாசகர்)

'பூம்புகார்' படத்தைச் சொல்கிறீர்கள். முதலில் தயங்கியிருக்கிறார், பிறகு ஒத்துக்கொண்டார். அங்கேயும் ஒரு சண்டை உண்டு. கோவலன் கொலைக்குப் பிறகு வரும் பாட்டில், நின்று கொல்லும் தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற மாதிரி வரி இருந்தது. தெய்வத்தைச் சந்தேகப்படும் வரியை நான் பாட மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று மாறியது. இதைக் கலைஞரே பல முறை ரசித்துச் சொல்லியிருக்கிறார். எழுதியவர் கொள்கையும் கெடவில்லை, பாடியவர் கொள்கையும் கெடவில்லை, பாட்டு நன்றாகவே அமைந்துவிட்டது. கொடுமுடியில் தன் பெயரில் தியேட்டர் கட்டியபோது, 1969-ல் அதைத் திறந்து வைக்க வந்தவரும் அன்றைய முதல்வர் கலைஞர்தான்.

ஆனால் அவர் காங்கிரஸ்காரர் இல்லையா? (விருதுநகர் வாசகர்)

அசல் காங்கிரஸ். தீரர் சத்தியமூர்த்தி கூட்டங்களில் முதலில் இவர் பாட்டு, பிறகுதான் பேச்சு. காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாற, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று அவர் கேட்டு வாங்கி ஏலம் விட்டுக் கட்சிக்குச் சேர்த்தார் என்று ஒரு கதை உண்டு. 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். நடிகர்கள் கோட்டைக்குப் போகும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ஒரு பெண் என்பதை நம் ஊரில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்குப் பாட்டு வரும், நடிப்பு சுமார்தானே? (கோவை வாசகர்)

கோபம் இல்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். கண்ணோரத்தில் ஒரு துளி, உதட்டோரத்தில் ஒரு துடிப்பு என்ற வகை நடிப்பு அவரிடம் கிடையாது. அது கேமரா பக்கத்தில் வந்த பிறகு பிறந்த கலை. இவர் கற்றது ஐம்பது அடி தள்ளி இருப்பவனுக்காக. ஆனால் 'திருவிளையாடல்' (1965) ஆரம்பத்தில், மாம்பழம் கிடைக்காத கோபத்தில் மலைக்குப் போய்விட்ட முருகனிடம் இவர் ஔவையாராக வந்து பாடும் இடத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒலியை நிறுத்தி, அவரை மட்டும் பாருங்கள். கை அதிகம் அசையாது. தலை லேசாகச் சாயும், வாய் முழுசாகத் திறந்து மூடும், கண் எதிரே நிற்கும் பிள்ளையை விட்டு விலகாது. ஒரு பாட்டி கோபித்துக்கொண்ட பேரனைச் சமாதானம் செய்கிற தோரணைதான் அது, கடவுளைக் கும்பிடுகிற தோரணை அல்ல. கெஞ்சலும் இருக்கிறது, அதட்டலும் இருக்கிறது. ஏ.பி. நாகராஜனும் நாடகத்திலிருந்து வந்தவர் என்பதால், இந்த அம்மாவைக் குறுக்கே வெட்டாமல் விட்டால் போதும் என்று தெரிந்து வைத்திருந்தார். இதை நடிப்பு இல்லை என்றால் வேறு எதை நடிப்பு என்பது?

விருதுகள்? (பெயர் இல்லாத அஞ்சலட்டை)

பத்மஸ்ரீ 1970-ல். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 'துணைவன்' படத்துக்காகக் கிடைத்த தேசிய விருது, 1969-க்கான சிறந்த பின்னணிப் பாடகி. அந்த விருதைப் பெண்களில் முதலில் வாங்கியவர் பி. சுசீலா, முந்தைய ஆண்டு. அடுத்தது நம் கே.பி.எஸ்., அறுபதை ஒட்டிய வயதில். தனக்குத்தானே பாடிக்கொள்ளும் நடிகை என்ற இனமே அநேகமாக முடிந்துபோயிருந்த காலம் அது. 1980-ல் காலமானார்.

இதுவரை கேட்டதே இல்லை. முதலில் எதைக் கேட்பது? (சென்னை, வயது 19 என்று தானே எழுதியிருக்கிறார்)

யூடியூபில் 'திருவிளையாடல்' பாட்டுகளில் ஆரம்பியுங்கள், ஒலி சுத்தமாக இருக்கும். அப்புறம் ஜெமினியின் 'ஔவையார்', யானைகள் கோட்டையை முட்டித் தகர்க்கும் இடத்தையும் தவற விடாதீர்கள். கடைசியாகப் பழைய கிராமபோன் தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம்தான், இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹெட்போன் வேண்டாம். காதுக்குள் பாடுவதற்காகப் பழகிய குரல் இல்லை அது, முதல் நிமிடத்திலேயே கழற்றி வைத்துவிடுவீர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய் நின்று கேளுங்கள், ஒரு சொல் விடாமல் வந்து சேரும். கிட்டப்பா தட்டுகளையும் இதே மாதிரிக் கேட்கலாம். வீட்டில் மற்றவர்கள் சத்தம் போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.