ட்ரெய்னி என்று பெயர் வைத்தால் சம்பளம் குறையுமா?

கேள்வி: நான் கொட்டாஞ்சேனை. வயது 19. ஏ.எல். எழுதிவிட்டு 2025 செப்டெம்பரில் கொழும்பிலுள்ள ஒரு ஹோட்டலில் ட்ரெய்னி ஸ்டூவர்டாகச் சேர்ந்தேன். ஆறு மாதப் பயிற்சி என்றார்கள். அது முடிந்ததும் இன்னும் ஆறு மாதம் என்கிறார்கள். மாதம் 15,000 ரூபாய் அலவன்ஸ். நியமனக் கடிதமும் இல்லை, ஈ.பி.எஃப்.பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. ட்ரெய்னிக்கு சேர்விஸ் சார்ஜும் கிடையாதாம். இரண்டு வருடத்துக்குள் விலகினால் 2 இலட்சம் கட்ட வேண்டும் என்று சிங்களத்தில் இருந்த பொண்டில் நானும் அப்பாவும் கையெழுத்து வைத்தோம். ஓ.எல்., ஏ.எல். சேர்ட்டிபிகேட் ஒரிஜினல்கள் எச்.ஆரிடம் இருக்கின்றன. இப்போது வெள்ளவத்தையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. விலகினால் பொலிஸில் போடுவோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பொலிஸ் பயத்தை முதலில் விடுங்கள். பொண்ட் என்பது இரண்டு தரப்புக்கு இடையிலான ஒப்பந்தம். அதை மீறினால் அவர்கள் போகவேண்டிய இடம் சிவில் நீதிமன்றம். வேலையை விட்டதற்காக யாரையும் கூண்டில் அடைக்க முடியாது.

நீங்கள் யார் என்பதை உங்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டி தீர்மானிப்பதில்லை, செய்கிற வேலைதான் தீர்மானிக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் பதிந்து, ஒப்பந்தம் போட்டுப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். காலி வீதியிலுள்ள ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தில் படித்துக்கொண்டே ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதை வேறு. உங்களுக்குப் பாடத்திட்டம் உண்டா? மதிப்பீடு செய்தார்களா? முடிவில் சான்றிதழ் தருவார்களா? ரோஸ்டரில் (வேலை நேர அட்டவணையில்) பெயர் போட்டு, மேசை ஒதுக்கி, ஓர்டர் எடுக்கவைத்து, இரவு பில் குளோஸ் பண்ணும்வரை நிறுத்திவைத்தால் அது வேலை. 18 வயது தாண்டியவருக்குப் 'பொடியன்தானே' என்று குறைந்த சம்பளம் கொடுக்க நமது சட்டத்தில் இடமில்லை.

தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 2016இல் வந்தது. பின்னர் செய்த திருத்தங்களின்படி 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு 12,000 குறைவு; நான்கு மாதத்துக்கு 48,000. ஜனவரி முதல் மார்ச் வரை மாதத்துக்கு 15,000 குறைவு; அது 45,000. மார்ச் முடிய 93,000 ரூபாய் உங்களுக்கு வரவேண்டியிருக்கிறது. ஓவர்டைம் இதில் சேரவில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதே சட்டம்தான் வேலை விபரங்களை எழுத்தில் தரவேண்டும் என்றும் சொல்கிறது.

ஈ.பி.எஃப். முதல் நாளிலிருந்தே கட்டவேண்டியது. தற்காலிகம், பயிலுனர், புரொபேஷன் என்ற விலக்கெல்லாம் கிடையாது. உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் முழுக்க முதலாளியுடையது. தாமதித்துக் கட்டினால் மேலதிகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பது எந்த எச்.ஆருக்கும் தெரிந்த விஷயம். நீங்கள் அனுப்பப்போகும் விலகல் கடிதத்தில் இந்த வரியைப் படித்ததும் அவர்கள் தொனி மாறும், பாருங்கள்.

சேர்விஸ் சார்ஜில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை தர என்னால் முடியாது. அதை எப்படிப் பகிர்வது என்பது பெரும்பாலும் நியமனக் கடிதத்திலும் அந்த ஹோட்டலின் வழக்கத்திலும் தங்கியிருக்கிறது. கேளுங்கள், ஆனால் அதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டாம்.

பொண்டுக்கு வருவோம். சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. வைத்த கையெழுத்து வைத்ததுதான். வேறு ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் அது வேறு விஷயம், அதை எனக்கு விளக்கமாக எழுதுங்கள். ஆனால் 2 இலட்சம் என்று காகிதத்தில் இருப்பதால் மட்டும் அத்தனையும் அவர்கள் கைக்குப் போய்விடாது. உங்களைப் பழக்க உண்மையில் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்களா? கட்டணம் கட்டி வகுப்புக்கு விட்டார்களா? தட்டு ஏந்தப் பழக்கியதற்கு 2 இலட்சம் என்று ஒரு நீதிபதி முன் சொல்ல அவர்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அதோடு உங்கள் சம்பள நிலுவை என்ற எதிர்க்கணக்கும் இருக்கிறது. அப்பா பிணையாளி என்பதால் கடிதம் அவருக்கும் வரலாம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சேர்ட்டிபிகேட்டை வேலைக்குப் பிணையாக வைத்துக்கொள்ள எந்தத் தொழிற் சட்டமும் அவர்களுக்கு அதிகாரம் தரவில்லை. எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால், பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே அதற்காகப் புதிய வேலையைத் தவறவிட வேண்டாம்.

சரி, இனிச் செய்யவேண்டியது. கடிதம் கொடுப்பதற்கு முன் ஆதாரம் சேருங்கள். வட்ஸ்அப் குரூப்பில் வரும் ரோஸ்டர், 15,000 வரவாகிய வங்கிக் கணக்கறிக்கை, சீருடையுடன் உள்ள படம், சுப்பர்வைசரின் 'இன்றைக்கு டபுள் ஷிப்ட்' மெசேஜ் எல்லாவற்றையும் உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிவையுங்கள். விலகிய அன்றே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். பிறகு ஒரு மாத அறிவித்தலோடு விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திகதி போட்டு, நிலுவையையும் சேர்ட்டிபிகேட்டையும் அதில் கேளுங்கள். நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். தமிழில் அலுவல் பார்ப்பது அரசியலமைப்பு தந்த உரிமை, சலுகை அல்ல. அவர்களாகவே உங்களை நிறுத்திவிட்டால் வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அதற்கு ஆறு மாதக் கெடு உண்டு.

உங்கள் நண்பரை 'ஊர் எது, எந்த மொழி' என்று கேட்டுவிட்டு ஃப்ரண்ட் ஒஃபீஸுக்கு எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மொழி, பிறந்த இடம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச தரப்பின் செயலுக்கு எதிரானது, அதுவும் ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். தனியார் ஹோட்டல் முதலாளியிடம் அந்த வழியால் போகமுடியாது. நமது சட்டத்திலுள்ள பெரிய ஓட்டை இது என்பது என் கருத்து.

ஹோட்டலின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான். போகும்போது பொண்டின் போட்டோ கொப்பியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.