பத்தாம் நாள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு பெண், சென்ற ஆடி மாதம் ஓர் இரவில் இரண்டு பிள்ளைகளுடன் எங்கள் கதவைத் தட்டினாள். உதடு கிழிந்திருந்தது. ஒன்பது நாள் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். நானே மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் கணவன் தன் தாயாருடன் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். புகாரையும் திரும்பப் பெற்றுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், ‘இனி என் வீட்டுப் படி ஏறாதே’ என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எங்கள் ஊரில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவும் ஓர் அமைப்பு தன்னார்வலர்களைத் தேடுகிறது. போய்ச் சேருங்கள் என்கிறாள் என் மனைவி. திரும்பிப் போகிறவர்களுக்கு உதவி என்ன பயன்? ஓர் ஆணுக்கு அங்கே என்ன வேலை?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ‘படி ஏறாதே’ என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையை அவள் கணவன் காசு கொடுத்தால்கூட உங்களிடம் வாங்கியிருக்க முடியாது. அவனுக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

ஆப்பிளுக்கும் ஹார்லிக்சுக்கும் மயங்கியா போயிருப்பாள்? ஒன்பது இரவும் அவள் தூங்காமல் வேறு கணக்குப் போட்டிருப்பாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ், அடகுக் கடையில் இருக்கும் வளையல், ஆதார் அட்டைகள் இருக்கும் பீரோ, அதன் சாவி யார் இடுப்பில் என்பது. தாய்வீட்டில் சொல்லியிருந்தால் ‘கொஞ்சம் அனுசரித்துப் போ’ என்றிருப்பார்கள். இதற்கெல்லாம் மேலே பயம். அடிபடும் பெண்ணுக்கு உயிராபத்து அதிகமாக இருப்பது அவள் வீட்டை விட்டு வெளியேறும் நேரத்திலும் அதையடுத்த வாரங்களிலும்தான். போய்விட்டால் அவன் என்ன செய்வான் என்பது உங்களையும் என்னையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். மற்றவர்கள் ‘கதவு இடித்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு காய் வாங்கப் போகிறார்கள். அந்தப் பதினான்கில் ஒருத்தி, அத்தனை வீடுகள் உள்ள தெருவில் உங்கள் கதவைத் தேர்ந்து தட்டியிருக்கிறாள். அந்த மரியாதையை நீங்கள் கவனிக்கவே இல்லை.

கோபப்படுவது எனக்கும் தெரியாததல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்பகத்தில் சனிக்கிழமை இரவுகளில் துணைக்குத் தங்கியிருந்தேன். அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன். படுக்கும் முன் தன் செருப்பையும் தங்கையின் செருப்பையும் அம்மாவின் செருப்பையும் கொண்டுவந்து, மூன்று ஜோடியையும் தலைமாட்டில் வரிசையாக அடுக்குவான். முனைகள் வாசலைப் பார்த்திருக்கும். படுக்கும் இடத்தில் இது என்ன பழக்கம் என்று நான் அதட்டிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். காப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஒருமுறை நள்ளிரவில் அம்மாவோடு ஓடியபோது தங்கை வெறுங்காலோடு ஓடிக் கண்ணாடியை மிதித்துவிட்டாளாம். அன்றிலிருந்து இது அவன் பொறுப்பு. அவன் அம்மா அங்கே வந்தது அது மூன்றாம் முறை. முதல் இரண்டு முறையும் திரும்பிப் போனவள். ‘நான்காம் முறையும் வருவாளோ என்னவோ, நமக்குப் பாய் எடுத்துப் போடுகிற வேலை’ என்றார் காப்பாளர். எனக்குக் கிடைத்த பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

இன்னொரு தவறும் செய்தேன். வீடு திரும்பிய ஒரு பெண்ணை நலம் விசாரிக்கிறேன் என்று அவள் எண்ணுக்கு நேரே தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தது கணவன். நான் உளறியதில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த ஆறு வாரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. நல்ல மனசு மட்டும் இந்த வேலைக்குப் போதாது. எப்போது அழைக்கலாம், அழைத்தால் யார் என்று சொல்ல வேண்டும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த ஒரே கதவு காவல் நிலையம் என்பதால் அங்கே அழைத்துப் போயிருக்கிறீர்கள். ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் வந்த காலத்திலிருந்தே நம் நினைப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வகையானது. கணவனை உள்ளே தள்ளுவதிலிருந்து அது தொடங்குவதில்லை. அடிக்காதே என்று மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், செலவுக்குப் பணம் கேட்கலாம், பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள இடைக்கால ஆணை கேட்கலாம். முக்கியமாக, அவள் வீட்டை விட்டு வெளியேறத் தேவையில்லை. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே வசிக்க உரிமை கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியது. மாவட்டந்தோறும் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மகளிர் உதவி எண் 181-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

அறுபது நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்ற வராண்டாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வாய்தா என்ற சொல்லின் முழு நீளமும் தெரியும். தன்னார்வலரின் வேலையில் பெரும்பகுதி அந்த வராண்டாவில்தான் நடக்கிறது. அவள் உள்ளே போகும்போது குழந்தையை வைத்துக்கொள்வது, எதிர்ப்பக்கம் நிற்கும் கணவனின் கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வது, திரும்பும்போது பஸ் ஏற்றிவிடுவது. பஞ்சாயத்துப் பேசி இருவரையும் சேர்த்துவைக்க மட்டும் கிளம்பிவிடாதீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஆசை சட்டென்று வந்துவிடும்.

ஆணுக்கு என்ன வேலை என்கிறீர்கள். முதலில் பல பெண்கள் உங்களிடம் பேச விரும்ப மாட்டார்கள்; அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அமைப்பில் உங்களைப்போல் தபால் அறிந்தவர் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம். அவள் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினால் பாஸ்புக் எங்கே இருக்க வேண்டும், ஆதாரில் முகவரி மாற்றினால் கடிதம் எந்த வீட்டுக்குப் போகும், நீதிமன்றத்திலிருந்து வரும் தபாலை வாசலில் யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள்? ஒரு உறை தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று வாழ்நாள் முழுவதும் பார்த்தவர் நீங்கள். இங்கே அப்படிப் போகும் உறையால் அவளுக்கு அடி விழும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்களே போகாதீர்கள். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ரேஷன் கடையிலோ பள்ளிக்கூட வாசலிலோ, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘அவர் அன்றைக்கு ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டார், எந்த நேரமானாலும் நீ வா’ என்று மட்டும் சொல்லட்டும். அவள் பதில் சொல்லாமல் போனாலும் போகட்டும். மறுநாள் அந்த அமைப்பில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.